பேசிக் எவ்வளவு?

இந்த வாரம் முதலாளிகளுக்கு.

உடனே பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, பின்னணியில் ஆலைச் சங்கு என்று வந்த முதலாளி பழைய சினிமாவோடு போய்விட்டார். நான் கூப்பிடுவது உங்களைத்தான். மூன்று பெண்களை வைத்து ஜெராக்ஸ் கடை நடத்துகிறீர்கள். ஆறு பேரோடு கேட்டரிங் பண்ணுகிறீர்கள். மாடியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர் போட்டு அமெரிக்கக்காரனுக்கு பில் என்ட்ரி செய்து கொடுக்கிறீர்கள். 'நாங்கல்லாம் சின்ன ஆளுங்க சார், சட்டமெல்லாம் பெரிய கம்பெனிக்கு' என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. ஆடிட்டரும் அப்படித்தான் சொல்லியிருப்பார், போன வருஷம் வரை.

2025 நவம்பர் 21-ம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமை, மத்திய அரசு 29 தொழிலாளர் சட்டங்களை ஓரம்கட்டிவிட்டு நான்கே நான்கு சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. ஊதியம் பற்றியது 2019-லேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் 2020-ல். இப்படிச் சேர்த்துக் கட்டலாம் என்று இரண்டாவது தேசியத் தொழிலாளர் கமிஷன் சிபாரிசு செய்தது 2002-ல். நம் ஊரில் மேம்பாலம் கட்டுகிற வேகம்தான். ஆனால், பாலம் திறந்தாகிவிட்டது.

பி.காம். படித்தவர்களுக்கு 'இண்டஸ்ட்ரியல் லா' பேப்பர் ஞாபகம் இருக்கும். தொழிற்தகராறு சட்டம் 1947, தொழிற்சாலைகள் சட்டம் 1948, போனஸ் சட்டம் 1965, பணிக்கொடைச் சட்டம் 1972 என்று வருஷங்களை மந்திரம் மாதிரி உருப்போட்டு, பரீட்சை முடிந்து வெளியே வந்து டீ குடிப்பதற்குள் மறந்தோம். அத்தனையும் இப்போது பழைய பேப்பர் கடைக்கு. பீடித் தொழிலாளர் சட்டம், தோட்டத் தொழிலாளர் சட்டம், எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு என்று 1955-ல் வந்த சட்டம் எல்லாமே இந்த 29-ல் அடக்கம்.

நான்கு தொகுப்பையும் இங்கே விளக்கினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள், ஆசிரியரும் தூங்கிவிடுவார். நான் பேச நினைப்பது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. சம்பளம்.

சம்பளம் என்றால் என்ன என்று யாரையாவது கேட்டுப்பாருங்கள். மாசக் கடைசியில் கைக்கு வருவது என்பார்கள். சம்பளப் பட்டியல் போடுகிறவரைக் கேளுங்கள். சிரிப்பார். பேசிக், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பயணப்படி, அந்தப்படி, இந்தப்படி என்று ஏகப்பட்ட படி. ஏன் இத்தனை படி? பி.எஃப்., கிராஜுவிட்டி போன்றவற்றை எதன் மேல் கணக்கிடுவது என்று ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு விளக்கம் வைத்திருந்தது. பெரும்பாலும் பேசிக்கும் பஞ்சப்படியும்தான் அடிப்படை. எனவே, கெட்டிக்காரர்கள் பேசிக்கை எலும்பும் தோலுமாக வைத்துக்கொண்டு மீதியையெல்லாம் படிகளில் ஏற்றினார்கள். இது ஏதோ திருட்டு முதலாளிகள் மட்டும் செய்தது என்று நினைக்காதீர்கள். கண்ணாடிக் கட்டட ஐ.டி. கம்பெனிகளிலிருந்து கல்யாண மண்டபம் வரை எல்லோரும் செய்ததுதான். ஊழியர்களும் ஆட்சேபிக்கவில்லை. பிடித்தம் குறைந்தால் கையில் கொஞ்சம் கூட வருமே!

எல்லோருக்கும் கொடுக்கிற அலவன்ஸைத் தனியே பிரித்து பி.எஃப். கணக்கிலிருந்து தப்பிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பில் சொன்னது. சிலர் திருத்திக்கொண்டார்கள். பலர், 'அது அந்த கேஸுக்கு' என்று இருந்துவிட்டார்கள்.

புதிய சட்டம் என்ன செய்திருக்கிறது? எல்லாத் தொகுப்புக்கும் சேர்த்து சம்பளத்துக்கு ஒரே விளக்கம். வாடகைப்படி, பயணப்படி, போனஸ், கமிஷன், ஓவர்டைம், முதலாளி கட்டுகிற பி.எஃப். என்று விலக்கு அளிக்கப்பட்ட அயிட்டங்களுக்கு ஒரு பட்டியல். அந்த அயிட்டங்கள் எல்லாம் சேர்ந்து மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால், தாண்டிய தொகை தானாகவே சம்பளத்தில் சேர்ந்துவிடும். நீங்கள் பட்டியலில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சரி. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விலக்குப் பட்டியலில் 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்ற பெயரே கிடையாது.

அது நடைமுறையில் என்ன செய்யும் என்பதை என் கல்லூரி நண்பன் ஒருவனின் பிரஸ்ஸில் நேரடியாகப் பார்த்தேன்.

ராயப்பேட்டையில் சின்ன ஆஃப்செட் பிரஸ். அப்பா ஆரம்பித்தது. மொத்தம் 14 பேர். அதில் ஒரு மெஷின்மேன், 2003-ல் வந்தவர். 2026 பொங்கல் முடிந்த வாரம், 'கண்ணு சரியில்லை, முதுகு தாங்கலை, மகளோட மதுரைக்குப் போறேன்' என்று சொல்லிவிட்டார். நண்பன் எனக்கு போன் போட்டான். 'டேய், நீதான் லேபர் லா பத்தியெல்லாம் எழுதறியே, வந்து ஒரு கணக்குப் போட்டுக் கொடு.'

போனேன். மை வாசனை, ஈரக் காகித வாசனை. நோட்டை விரித்தான். மொத்தச் சம்பளம் மாசம் 36,400. அதில் பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000. வாடகைப்படி 14,000. பயணப்படி 9,400. மெஷின்மேன் வீடு பிரஸ்ஸிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தினமும் நடந்து வருகிறவர். ராயப்பேட்டையிலிருந்து ராயப்பேட்டைக்கு வர மாசம் 9,400 ரூபாய் பயணப்படி வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

'ஆடிட்டர் அப்படிப் போடச் சொன்னார்டா' என்றான்.

கிராஜுவிட்டிக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எத்தனை வருஷமோ அத்தனையால் பெருக்குவது. நண்பன் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான். 13,000-க்கு, 22 வருஷத்துக்கு, 1,65,000 ரூபாய். நான் புதுக் கணக்கைப் போட்டேன். மொத்தம் 36,400. பாதி 18,200. படிகள் 23,400. பாதிக்கு மேலே 5,200. அதைத் தூக்கி 13,000-த்தோடு சேர். ஆக, சம்பளம் 18,200. கிராஜுவிட்டி 2,31,000 ரூபாய்.

66,000 ரூபாய் வித்தியாசம். கடைசிச் சம்பளத்தை வைத்து எல்லா வருஷத்துக்கும் கணக்கிடுவதால் வருகிற வினை இது. மாசா மாசம் மிச்சம் பிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தது ஒரே நாளில் வந்து வாசலில் நிற்கும்.

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரல் மாறிவிட்டது. '2019-ல அவர் பொண்ணு கல்யாணத்துக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தேன். அவர் கேக்கக்கூட இல்லை. லாக்டவுன்ல பிரஸ் மூடிக்கிடந்தப்போ மூணு மாசம் பாதிச் சம்பளம் கொடுத்தேன். அதெல்லாம் கணக்குல வராதா?'

வராது. கிராஜுவிட்டியைப் பிடித்தம் செய்ய சட்டம் சொல்கிற காரணங்கள் மிகக் கொஞ்சம். வேண்டுமென்றோ அலட்சியத்தாலோ நிறுவனத்துக்குச் சேதம் விளைவித்து, அதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். அல்லது அடிதடி, ஒழுக்கக்கேடான குற்றம் என்று போயிருக்க வேண்டும். மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது அந்தப் பட்டியலில் இல்லை. அதோடு, கொடுத்த பணத்துக்கு ஒரு துண்டுச்சீட்டும் இல்லை. கடனா, அன்பளிப்பா, அவனுக்கே தெரியாது.

நண்பன் கெட்டவன் இல்லை, நல்லவன். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நம் ஊர்ச் சின்ன முதலாளிகள் பெரும்பாலோர் நல்லவர்கள். தீபாவளிக்குத் துணி எடுப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ அனுப்புவார்கள், ஸ்கூல் ஃபீஸ் கட்டுவார்கள். ஆனால், கொடுப்பது தங்கள் இஷ்டமாக இருக்கவேண்டும் என்று நினைப்பார்கள். ஒன்றரை லட்சத்தைக் கேட்காமல் கொடுத்த கை, 66,000-த்தை 'உனக்குச் சேரவேண்டியது' என்று கொடுக்கும்போது நடுங்குகிறது. வாங்குகிறவருக்கும் இதில் ஒரு சங்கடம். கல்யாணத்துக்கு வாங்கிய பணத்துக்கு ஆயுசு முழுக்க நன்றியோடு இருக்கவேண்டும். கிராஜுவிட்டிக்கு அது தேவையில்லை. சட்டம் வந்து உட்கார்ந்திருப்பது சரியாக இந்த இடத்தில். முதலாளியின் மனசிலிருந்து பிடுங்கி, பேரேட்டில் எழுதச் சொல்கிறது.

நண்பனிடம் இவ்வளவு பேசவில்லை. '30 நாள்ல கொடுக்கணும், தள்ளிப்போனா வட்டி' என்று மட்டும் சொன்னேன். ஒரு பழைய மெஷினை விற்கப் பார்த்து, படியாமல், நகையை அடகு வைத்தான் என்று பின்னால் தெரிந்தது.

செக் கொடுத்த அன்று நானும் இருந்தேன். மற்றவர்கள் முன்னால் 'முதலாளி' என்றும், தனியாக இருக்கும்போது 'தம்பி' என்றும் கூப்பிடுவார் மெஷின்மேன். அன்றைக்குத் தொகையை இரண்டு தடவை படித்துவிட்டு, 'தம்பி, கல்யாணத்துக்குக் கொடுத்ததைக் கழிச்சுக்கலையா?' என்றார். நண்பன் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, 'அது வேற கணக்குண்ணே' என்றான். அவ்வளவுதான். இரண்டு பேரும் டீ குடித்தார்கள்.

டீ வருவதற்குள் நான் இன்னொரு கேள்வி கேட்டேன். 'பாக்கி 13 பேருக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்கா?' சிரித்தான். ஊரில் உள்ள கம்பெனிகளுக்கெல்லாம் லெட்டர்ஹெட் அடித்துக் கொடுக்கிற பிரஸ்ஸில் ஒருத்தர் கையிலும் ஆர்டர் இல்லை. 10 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற இடங்களில் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். ஏற்கெனவே வேலையில் இருந்து, கடிதம் இல்லாதவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்கவேண்டும். அந்த மூன்று மாதமும் 2026 பிப்ரவரியோடு முடிந்தது. நீங்கள் இன்னும் கொடுக்கவில்லையென்றால் இந்தப் பத்தியை முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுங்கள். அதில் சம்பளம், வேலை, சேர்ந்த தேதி ஆகியவை தெளிவாக இருக்கட்டும். சேர்ந்த தேதியைக் குறைத்துப் போடுகிற பழைய வித்தை வேண்டாம். பி.எஃப். கணக்கு எண் காட்டிக் கொடுத்துவிடும்.

அடுத்தது, என் சொந்த வயிற்றெரிச்சல். பல வருஷங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு பத்திரிகை அலுவலகத்தில் (பெயர் வேண்டாம், அங்கே இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள்) ராஜினாமா கொடுத்தேன். கடைசி மாதச் சம்பளம் வர நான்கு மாதம் ஆனது. 'ஃபைல் மூவ் ஆயிட்டிருக்கு சார்' என்பார்கள். எங்கிருந்து எங்கே மூவ் ஆகிறது என்று கேட்டால், அக்கவுன்ட்ஸிலிருந்து ஹெச்.ஆருக்கு. ஒரே மாடி, எதிரெதிர் அறை.

இனிமேல் அந்த ஃபைல் ஓடவேண்டும். நீங்கள் அனுப்பினாலும் சரி, அவராகவே ராஜினாமா செய்தாலும் சரி, சேரவேண்டிய சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். பழைய 1936-ம் வருஷத்துச் சட்டத்தில் இந்த இரண்டு நாள் விதி முதலாளி நிறுத்தியவர்களுக்குத்தான். அதுவும் 24,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கியவர்களுக்கு மட்டும். இப்போது மேனேஜருக்கும் உண்டு, கூட்டிப் பெருக்குகிறவருக்கும் உண்டு. மாசச் சம்பளம் என்றால் அடுத்த மாசம் 7-ம் தேதிக்குள் என்பதும் அப்படியே எல்லோருக்கும். '45 நாள் நம்ம பாலிசி' என்று லெட்டரில் அடித்து வைத்திருக்கும் கம்பெனிகள் அந்த வரியை அடித்துவிடலாம்.

ஜெராக்ஸ் கடைக்காரரே, எழுந்து போகாதீர்கள். கிராஜுவிட்டிக்கும் நியமனக் கடிதத்துக்கும் 10 பேர் என்று ஒரு கோடு இருக்கிறது. ஒருதடவை கிராஜுவிட்டிக் கோட்டுக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்து எட்டுப் பேர் ஆனாலும் வெளியே போக முடியாது. ஊதியத் தொகுப்புக்கு அந்தக் கோடே இல்லை. மூன்று பேர் கடைக்கும் இரண்டு நாள் விதி உண்டு, 7-ம் தேதி உண்டு, குறைந்தபட்ச ஊதியம் உண்டு. முன்பெல்லாம் அரசாங்கத்தின் அட்டவணையில் உள்ள தொழிலா என்று பார்ப்பார்கள். அந்த அட்டவணையை எடுத்துவிட்டார்கள்.

'ஒரு வருஷ கான்ட்ராக்ட்டில் ஆள் எடுத்தா தொல்லை இல்லையே?' என்று கேட்டார் ஒரு வாசகர். தொல்லை கூடியிருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கென்று நேரடியாக எடுக்கப்படுகிறவருக்கு, அதே வேலை செய்யும் நிரந்தர ஊழியருக்கு உள்ள சம்பளம், சலுகை எல்லாம் உண்டு. மற்றவர்கள் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் காத்திருக்கவேண்டும். இவருக்கு ஒரு வருஷம் போதும். (எங்கள் பத்திரிகைக்காரர்களுக்கு மூன்று. அதை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், நன்றி.) நாலரை வருஷத்தில் ஆளை மாற்றிக் காசை மிச்சம் பண்ணுகிற சாமர்த்தியத்துக்கு, இந்த வகை ஊழியர்களிடம் வேலை இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தோடு கூடிய விடுப்புக்கு வருஷத்தில் 240 நாள் வேலை பார்த்திருக்கவேண்டும் என்பது 180 நாள் ஆகியிருக்கிறது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தொடர்கிறது. 'வாரம் நாலு நாள்தான் வேலை' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி சினிமா டிக்கெட் புக் பண்ணாதீர்கள், வாரத்துக்கு 48 மணி நேரம் அப்படியே இருக்கிறது. 'பி.எஃப். கூடி கைச் சம்பளம் குறையும்' என்ற பீதிக்கு, சட்ட உச்சவரம்பு வரை மட்டும் பி.எஃப். பிடிக்கிறவர்களுக்குக் கைக்கு வருவது மாறாது என்று 2025 டிசம்பரில் தொழிலாளர் அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. பேசிக்கை ஒல்லியாக வைத்து, அந்த வரம்புக்கும் கீழே பிடித்தவர்களுக்குத்தான் இடி.

மாட்டினால் என்ன ஆகும்? சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து வருஷத்துக்குள் மறுபடியும் அதையே செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லேபர் இன்ஸ்பெக்டருக்கு 'ஆய்வாளரும் வழிகாட்டியும்' என்று புதுப்பெயர். சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தது அல்லாத மற்ற விதிமீறல்களுக்கு, வழக்குப் போடும் முன் தவறைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு எழுத்து மூலமாகக் கொடுக்கவேண்டும், முதல் தடவை மட்டும். அதைவிட முக்கியம், பாக்கி கேட்டு ஊழியர் மூன்று வருஷம் வரை மனு போடலாம். பணம் கொடுத்தேன் என்று நிரூபிக்கவேண்டியது நீங்கள். 'கையில கொடுத்தேன் சார், சாமி சத்தியமா' என்பது சாட்சி ஆகாது. பேங்க்கில் போடுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சட்டம் முழுக்கத் தொழிலாளி பக்கம் சாய்ந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. பெரிய ஆலைகளில் ஆட்குறைப்புக்கும் ஆலையை மூடுவதற்கும் அரசு அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100 தொழிலாளர் என்பதிலிருந்து 300 ஆகியிருக்கிறது. வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழில்களிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பல மத்தியத் தொழிற்சங்கங்கள் 2025 நவம்பர் 26-ம் தேதி நாடு முழுக்கத் தெருவில் இறங்கியது சும்மா இல்லை. 250 பேர் ஆலையில் வேலை பார்க்கிறவருக்கு, கிராஜுவிட்டி கூடியதைவிட, வேலையே நாளைக்கு இருக்குமா என்பதுதான் கவலை. என்னைக் கேட்டால், கொடுப்பதைக் கறாராக்கிய கையோடு அனுப்புவதைச் சுலபமாக்கியிருக்கிறார்கள். முதலாளிகள் சங்கம் இரண்டாவதை மட்டும் கைதட்டி வரவேற்றுவிட்டு முதலாவதைப் படிக்காமல் விட்டுவிடக் கூடாதே என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

கடைசியாக, கடை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு பழைய பாக்கி. இது மத்தியச் சட்டம் இல்லை, நம் மாநிலத்து ஏற்பாடு. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று கேரளா 2018-ல் சட்டம் போட்டது, தமிழ்நாடு 2021-ல் போட்டது. காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே புடவை விரித்த பெண்களின் கால்களுக்காக வந்த சட்டம். போன வாரம் தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு மனைவியோடு போயிருந்தேன். இரண்டாவது மாடியில் ஸ்டூல் இருந்தது, சட்டப்படி. அதன் மேல் ஆளுயரத்துக்கு ஜாக்கெட் பிட் அடுக்கி வைத்திருந்தார்கள். 'உட்காரமாட்டீங்களாம்மா?' என்று கேட்டேன். அந்தப் பெண் சூப்பர்வைசர் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, 'அண்ணா, உங்களுக்கு எந்த கலர் எடுக்கட்டும்?' என்றது.